கேமரன் வகையறா

கேமரன் என்பது ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக் குலப்பெயர். அது பல ஆட்களிடமும் சில இடங்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மலேசியாவின் பகாங்கிலோ கேமரன்மலை என ஒரு மலைப்பகுதியையே பிடித்துக்கொண்டது. விடுமுறை நாளில் ரிங்லெட் முதல் பிரிஞ்சாங் வரை நத்தை வேகத்தில் ஊரும் கார்களில் இருப்போருக்கு இதைப் படிக்கத் தாராளமாக நேரம் கிடைக்கும்.

முதலாமவர் வில்லியம் கேமரன். நில அளவையாளர். 1885-இல் இங்கே மேட்டுநிலம் இருப்பதாக அறிக்கை தந்தார். மறு ஆண்டே இறந்துவிட்டார். மலைவாழிடம் அமைக்கும் வேலைக்கு உயிர் வந்தது 1925-இல், சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகு. தாப்பாவிலிருந்து சாலை போட்டு முடித்தது 1931-இல். கேமரனின் பங்கு, பார்த்துச் சொன்னது.

இரண்டாமவர் சார்லஸ் ஹே கேமரன். கோல்புரூக்–கேமரன் ஆணைக்குழுவின் அறிக்கையை அடுத்து 1830-களில் இலங்கையில் ராஜகாரியம் என்ற கட்டாய உழைப்பு ஒழிந்தது. பிறகு அவரே அங்கு தோட்டம் வாங்கினார். மலையகத் தோட்டங்களுக்கு ஆள் தமிழ்நாட்டிலிருந்து போனது. அவர் மனைவி ஜூலியா மார்கரெட் கேமரன் கல்கத்தாவில் பிறந்தவர், புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர். டென்னிசனையும் டார்வினையும் படமெடுத்தவர், 1879-இல் இலங்கை மலையகத்தில் இறந்தார்.

மூன்றாமவர் டேவிட் கேமரன். பிரிட்டிஷ் பிரதமராக 2013-இல் யாழ்ப்பாணம் போனார். 2016-இல் ஐரோப்பிய ஒன்றிய வாக்கெடுப்பில் தோற்றுப் பதவி விலகினார். நான்காமவர் ஜேம்ஸ் கேமரன். 'அவதார்' படத்தில் அந்தரத்தில் தொங்கும் மலைகளைக் காட்டியவர். அந்த மலைகளுக்குப் போகச் சாலை இல்லை. ஆகவே நெரிசலும் இல்லை.

கேமரூன் நாடு இந்த வகையில் சேராது. போர்த்துக்கீசியர் அங்குள்ள ஆற்றில் இறால் கண்டு வைத்த பெயர் அது. கிரிக்கெட் வீரர் கேமரன் கிரீனும் சேரமாட்டார். அவருக்கு அது முதற்பெயர்.

ஐந்தாவது வகை பொருள்கள். கேமரன் ஸ்ட்ராபெரி, கேமரன் சோளம், கேமரன் தேன், கேமரன் தக்காளி, கேமரன் கீரை, கேமரன் கள்ளிச்செடி. பிறகு ஸ்ட்ராபெரி வடிவத் தலையணை, ஸ்ட்ராபெரி படம் போட்ட குடை, ஸ்ட்ராபெரி செருப்பு, குளிர்பெட்டியில் ஒட்டும் ஸ்ட்ராபெரிக் காந்தம், ஸ்ட்ராபெரி போல் தொப்பி போட்ட குழந்தை, அந்தக் குழந்தையைப் படமெடுக்கச் சாலை நடுவில் நிற்கும் தகப்பனார், அவருக்குப் பின்னால் நிற்கும் பேருந்து. வீட்டுக்குப் போனதும் தலையணை அலமாரிக்கு மேல் ஏறும். அடுத்த விடுமுறையில் இன்னொன்று வாங்கப்படும், முந்தையது எங்கே என்று தெரியாததால். தேயிலை மட்டும் ஓரளவு தப்பியது: 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய தோட்டத்துக்குப் போ என்று பெயர். 1933-இல் தொடங்கிய பாரத் நிறுவனமோ தன் தேயிலைக்குக் கேமரன் வேலி என்றே பெயர் வைத்துக்கொண்டது.

நாட்டில் மற்ற துரைமார் பலரின் பெயர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. போர்ட் சுவெட்டன்ஹாம் போர்ட் கிள்ளான் ஆயிற்று, தெலுக் ஆன்சன் தெலுக் இந்தான் ஆயிற்று, ஜெசல்டன் கோத்தா கினபாலு ஆயிற்று. 1925-இல் வந்து பார்த்த மேக்ஸ்வெல்லின் குடும்பப் பெயர் கொண்ட தைப்பிங் மலைகூடப் புக்கிட் லாருட் ஆகிவிட்டது. கேமரன் அசையவில்லை. இத்தனை ஸ்ட்ராபெரிப் பலகைகளை யார் மாற்றி எழுதுவது? பகாங்கின் இன்னொரு மலைவாழிடமான ஃபிரேசரும் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த ஃபிரேசர் துரை, ஆயர் ஒருவர் 1910-இல் தேடிப் போனபோதே காணாமல் போயிருந்தார். இதற்குக் கேமரன்மலையின் பதில் 1967-இல் வந்தது: தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் நடக்கப் போனவர் திரும்பவில்லை.

காடு வெட்டியவர்கள், கன்று நட்டவர்கள், கூடை சுமந்து கொழுந்து கிள்ளியவர்களின் பெயர்கள் விடிகாலைப் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பில் கூப்பிடப்பட்டன. வரைபடம் வரைந்தவர் காதில் அவை விழவில்லை. ஆக, மலைக்குப் பெயராக விரும்புகிறவர் அதைப் பார்த்துவிட்டு உடனே இறங்கிவிட வேண்டும். தலைமுறை தலைமுறையாகத் தங்கி உழைத்தால் கிடைப்பது தொழிலாளி என்ற பெயர்தான்.