வில்லாவா இருந்தா என்னலே?

ஏலே, இங்க வா. புதுசா காண்ட்ராக்டர் ஆயிட்டியாம்லா? கார்டுல 'லக்சுரி வில்லா ஸ்பெசலிஸ்ட்'னு பளபளன்னு அடிச்சிருக்க. சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அந்த வில்லாவுல எத்தனை குடும்பம் குடியிருக்கும்? ஒண்ணுதானே? அப்போ அது ஏ-2. அம்புட்டுதான்.

முழிக்காதலே. 'தேசிய கட்டட விதித்தொகுப்பு'ன்னு ஒண்ணு இருக்கு, 2016 பதிப்பு. மனுசன் படுத்துத் தூங்குத கட்டடத்தையெல்லாம் 'ஏ'ங்கிற ஒரே குலத்துல சேத்து, உள்ள ஆறு கிளையாப் பிரிச்சிருக்கான். லாட்ஜு ஏ-1. ஒண்ணு ரெண்டு குடும்பத்து வீடு ஏ-2. கூட்டமாப் படுக்கிற விடுதி ஏ-3. அடுக்குமாடி ஏ-4. ஓட்டல் ஏ-5, நட்சத்திர ஓட்டல் ஏ-6.

'ஓட்டலும் வீடும் ஒரே குலமா தாத்தா'ன்னு சிரிக்கியோ? ரெண்டுலயும் மனுசன் தூங்குதான்லா, அதான் ஒரே குலம். கிளை ஏன் வேறன்னு நடுராத்திரி தீப்புடிச்சாத் தெரியும். சொந்த வீட்டுக்காரன் இருட்டுலயும் தடவித் தடவிப் படியைப் புடிச்சிருவான். லாட்ஜுக்கு நேத்து வந்தவனுக்குக் கக்கூசே எங்கன்னு தெரியாது, படி எங்க தெரியப்போகுது? அதான்லே பிரிச்சான். சலவைக்கல்லு பளபளப்பைப் பாத்தா பிரிச்சான்?

உயரமும் அப்படித்தான். நம்ம தமிழ்நாட்டு 2019 கட்டட விதிப்படி 18.30 மீட்டரைத் தாண்டுனா உயரமான கட்டடம். அதுக்குச் சட்டதிட்டமே வேற. பிளக்சுல 'வானவீடு'ன்னு போட்டாலும் டேப்பு மீட்டரைத்தாம்லே சொல்லும். வீட்டுக்காரரு அரண்மனைன்னுகூடப் பேரு வச்சுக்கிடட்டும். பேரு வைக்க அப்ரூவல் வேண்டாம்லா!

இப்போ சின்ன வீட்டுக்கு ஒரு சலுகை உண்டு. 2024-ல வந்த சுயசான்று, அதாவது பிளான் விதிப்படிதான்னு நாமளே சான்று குடுக்குறது. மனை 2,500 சதுரடிக்குள்ள, கட்டடம் 3,500 சதுரடிக்குள்ள, தரைத்தளம், மேல ஒரே மாடி, உயரம் 7 மீட்டருக்குள்ளன்னு வந்தப்போ கணக்கு. கணக்கு சரியா இருந்தா ஆன்லைன்லயே அனுமதி. ஆபீசு ஆபீசா அலைய வேண்டாம்.

வில்லங்கம் எங்க வருதுன்னு கேளு. மாடிக்கு சென்ட்ரிங் போட்டு முடிச்சதும் வீட்டுக்காரரு காப்பியோட வருவாரு. 'தம்பி, மொட்டைமாடியில சின்னதா ஒரு ரூமு... வாடகைக்கு விடலாம்லா?' காப்பி நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்த ரூமு வந்தா ஆன்லைன்ல குடுத்த மாடிக் கணக்கு எங்க நிக்கும்? சுயசான்று எங்க நிக்கும்?

அதனால, சதுரடிக்கு என்ன ரேட்டுன்னு வாயைத் தொறக்கும் முன்ன மூணு கேளு. எத்தனை குடும்பம்? எத்தனை மாடி? வாடகைக்கா, சொந்தக் குடித்தனமா? பதிலைத் தாள்ல எழுதிக் கையெழுத்து வாங்கு. ரூமு கேக்கும்போது நீ 'தம்பி'. நோட்டீசு வந்தா 'எல்லாம் அந்தக் காண்ட்ராக்டர் செஞ்ச வேலை'ம்பாரு.