கலெக்டர் லீவு

எங்கள் வீட்டில் கலெக்டர் உத்தரவு செல்லாது.

கனமழை என்றால் நீலகிரி மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை என்று டி.வி.யின் அடியில் எழுத்து ஓடும். கேத்திப் பள்ளத்தாக்கில் இருக்கிற பிள்ளைகளெல்லாம் கூத்தாடும். எங்கள் வீட்டு ஏழு மட்டும் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி சுவரோரம் உட்கார்ந்திருக்கும். பள்ளிக்கூடமே போகாதவர்களுக்குப் பள்ளிக்கூட லீவு எங்கிருந்து வரும்? என் கடைக்குட்டி, ஆறு வயது, ஒருமுறை கேட்டாள்: “நம்ம ஊட்டுக்குன்னு தனியா ஒரு கலெக்டர் இல்லீங்களாம்மா?”

ஏழு என்றதும் பயப்பட வேண்டாம். என்னுடையது மூன்றுதான். கொழுந்தனாருடையது மூன்று, அதில் முதல் இரண்டும் இரட்டை. ஏழாவது நாத்தனார் மகன்; ‘பத்து நாள் இருந்துட்டு வரட்டும்’ என்று நாலு வருஷத்துக்கு முன்னால் மலையேறி வந்தவன். பதினாலு வயதில் தொடங்கி நாலு வயதில் முடிகிற வரிசை. இவர்களோடு மூன்று ஏக்கர் படிக்கட்டு நிலம், இரண்டு மாடு, கணக்கில்லாத கோழிகள். கோழியை எண்ணுவது இரட்டையரின் கணக்குப் பாடம். இதுவரை இரண்டு பேருக்கும் ஒரே விடை வந்ததில்லை.

ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று கேட்பவர்களுக்கென்று என் வீட்டுக்காரர் ஒரு பிரசங்கம் வைத்திருக்கிறார். ஜான் ஹோல்ட் என்ற அமெரிக்கர் 1977இல் பள்ளிக்குப் போகாமல் வளரும் பிள்ளைகளுக்காகவே ஒரு பத்திரிகை ஆரம்பித்தார் என்று அது தொடங்கும். அந்த ஹோல்ட்டுக்குக் கல்யாணமும் ஆகவில்லை, பிள்ளையும் கிடையாது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தெரிந்ததும் பல விஷயங்கள் விளங்கின.

உண்மைக் காரணம் வேன். காலை ஏழு மணிக்கு மேல்ரோட்டில் வந்து நிற்கும். வீட்டிலிருந்து மேல்ரோட்டுக்கு ஒரு கிலோமீட்டர் ஏற்றம். அப்போது பள்ளிக்குப் போனவர்கள் நாலு பேர். எட்டு சாக்ஸ் தேடினால் ஏழு கிடைக்கும். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பரில். நான் அப்போது ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். தோட்டத்துக்கு மேலே இருக்கிற பாறையில் ஏறினால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். பாறைக்கு இந்தப் பக்கம் குடையைப் பிடித்துக்கொண்டு ஊரார் பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்துவேன். அந்தப் பக்கம் என் பிள்ளைகள் வேறு யாரோ நடத்துவதைக் கேட்கும். கடைசியில் ஒருநாள் வேன் வந்து ஹாரன் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. நானும்தான்.

2009இல் வந்த கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பள்ளிக்கல்வி ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமை என்கிறது. வீட்டிலேயே படிக்கிற பிள்ளைகளைப் பற்றி அதில் பேச்சே இல்லை. பதினாலு ஆனால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலமாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். பெரியவளுக்குப் பதினாலு ஆகிவிட்டது. அதனால் இந்த வருஷம் வீட்டில் ஒருத்தியாவது புத்தகமும் கையுமாக இருக்கிறாள். மற்ற ஆறு பேருக்கும் நான் சாக்பீஸும் கையுமாகத் துரத்துகிற வாழ்க்கை.

டிசம்பர் கடைசி வாரத்தில் ஒருநாளைச் சொல்கிறேன்.

ராத்திரி படுக்கும்முன் என் வீட்டுக்காரர் ஒரு எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி முற்றத்தில் வைப்பார். விடிகாலை நாலரைக்கு இரட்டையர் போய்ப் பார்க்க வேண்டும். தண்ணீர் தண்ணீராகவே இருந்தால் மறுபடி தூக்கம். மேலே பாளம் கட்டியிருந்தால் ஐஸைத் தட்டி எடுத்துவிட்டு, கரண்டியால் தட்டைப் பிளக்கிற மாதிரி அடிக்க வேண்டும். எங்கள் பள்ளிக்கூட மணி அதுதான். உலகத்தில் எந்தத் தலைமையாசிரியரும் நாலரை மணிக்கு மணி அடித்ததில்லை.

அன்று அடித்தார்கள்.

மேகமில்லாத ராத்திரியில் மண் தன் சூட்டையெல்லாம் வானத்துக்குக் கொடுத்துவிடும். குளிர்ந்த காற்று கனத்துப்போய்ப் பள்ளத்தில் வந்து தேங்கும். எங்கள் கேரட்டு பள்ளத்தில்தான் இருக்கிறது. இலைமேல் உப்புத் தூவினது மாதிரி உறைபனி. அதோடு வெயில் பட்டால் மதியத்துக்குள் இலை வெந்த கீரையாகிவிடும். வெயில் வருவதற்குள் ஸ்பிரிங்ளர் போட்டுக் கழுவிவிட வேண்டும். ஆக, மங்கி குல்லாவும் மப்ளரும் போர்வையுமாக ஒரு சிறு கொள்ளைக் கூட்டம் டார்ச்சோடு பாத்தியில் இறங்கியது.

பதினொரு வயதுக்காரன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். “செடிக்குக் குளுருதுன்னுதான பயப்படறீங்க? அதும்மேல தண்ணியை ஊத்துனா இன்னும் குளுராதுங்களா?”

என்னுள்ளே தூங்கிக்கொண்டிருந்த டீச்சர் எழுந்துவிட்டாள். தண்ணீர் ஐஸாக மாறும்போது உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே விடும், ஒரு கிராமுக்கு 80 கலோரி, அதனால் இலைக்கு ஒரு காப்பு என்று பல் கிட்டித்தபடி விளக்கினேன். நாலரை மணிக்கு, சகதியில் நின்றுகொண்டு, இயற்பியல் நடத்தியதில் எனக்கே ஒரு பெருமை.

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். “அப்ப எம்மேலயும் தண்ணியை ஊத்தி அப்படியே ஒறைய உட்டா எனக்கும் சூடாகுங்களா?”

நான் பதில் சொல்லவில்லை. சில கேள்விகளுக்கு ஆசிரியர் கையேட்டில் விடை இருக்காது.

தண்ணீர் என்றதும் குளியல். குளிர்காலத்தில் எங்கள் வீட்டுப் பெரிய அரசியலே அதுதான். விறகு பாய்லர் ஒருமுறை கொதித்தால் மூன்று பேர் குளிக்கலாம். ஏழு பேருக்கு எத்தனை முறை கொதிக்க வேண்டும் என்று கேட்டால் கணக்கில் தேறாதவன்கூடச் சரியாகச் சொல்வான்: “நான் நாளைக்குக் குளிச்சுக்கறேன், ரெண்டு தடவை போதும்.” இரட்டையர் அதைவிடத் தேர்ந்தவர்கள். ஒருவன் குளித்துவிட்டு ஈரத்தலையோடு என்முன் ஒரு நடை நடப்பான். உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு இன்னொரு நடை. எத்தனை நாள் ஏமாந்தேனோ தெரியாது. அன்று என் மாமியார்தான் பிடித்தார். நடந்து போனவனை நிறுத்தி, காதுக்குப் பின்னால் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, “ஏ அம்மிணி, இவன் ரெண்டாந்தடவையா வர்றான். அழுக்கன் உள்ளார போர்வைக்குள்ள கெடக்கறான், போய்ப் புடி” என்றார். ஒன்பது வருஷம் பரீட்சை ஹாலில் நின்றவள் நான். காதுக்குப் பின்னால் பார்க்க எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இதற்குள் உடம்பில் தேய்க்கத் தேங்காய் எண்ணெய் கேட்டு ஒரு கூட்டம். 24, 25 டிகிரிக்குக் கீழே போனாலே அது கட்டியாகிவிடும். இங்கே டிசம்பரில் எண்ணெய்ப் பாட்டிலுக்குள் சாக்பீஸ்தான் இருக்கும். பாட்டிலை அடுப்போரம் வைத்தது யார், வைத்துவிட்டு மறந்தது யார், பாட்டிலின் இடுப்பு இப்படி வளைந்துபோனது எதனால் என்ற விசாரணை காலைப் பலகாரம் வரை நீண்டது.

பலகாரம் என்பது அன்று அரிசிம்பருப்பு. ஓரகத்தி குக்கரை வைத்தாள். இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால்தான் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது என்று நான் சொல்லிக்கொடுத்ததை நாத்தனார் மகன் சரியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான். எதற்கு? கோயமுத்தூரிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்து, வழக்கம்போல் “பதினேழாம் வாய்ப்பாடு சொல்லு பாக்கலாம்” என்றார். இவன், “மாமா, இங்க ஒசரம் ஜாஸ்திங்க, எதுவுமே வேக நேரமாகும்” என்றான். அறிவியலை வாழ்க்கையில் பயன்படுத்த வேண்டும் என்று நான் சொன்னது உண்மைதான்.

பெருமையாகச் சொல்வதற்கும் ஏதாவது வேண்டுமே. கடைக்குட்டி தானாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டாள். எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். வீட்டில் நல்ல புத்தகங்கள் நிறைய என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்த சொல் மருந்து டப்பாவின் மேலிருந்த ‘விஷம்’. நாலு வயதுக்காரனுக்கு இன்னும் ‘ழ’ வராது, ஆனால் கரிச்சட்டி இருக்கிற அறையில் யாராவது ஜன்னலைச் சாத்தினால் “கார்பன் மோனாக்சைடு!” என்று அலறுவான். குளிருக்கு அறைக்குள் கரியைப் போட்டுக் கதவையும் மூடிக்கொண்டு தூங்கி, எழுந்திருக்காமலே போனவர்கள் உண்டு. அதனால் அந்தப் பாடத்தை மட்டும் நான் விளையாட்டாக நடத்தவில்லை. அவனும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது ஓரகத்தி சாம்பிராணி போட்டாலும் அலறுகிறான்.

ஒன்பது மணிக்குப் பாடம். எங்கள் வகுப்பறைக்கு நிலையான இடம் கிடையாது, வெயில் எங்கேயோ அங்கே. ஒன்பதுக்குத் திண்ணை, பத்தரைக்குக் கிணற்றடி, மதியத்துக்கு மேல் மாட்டுத் தொழுவத்து வாசல். கரும்பலகையை ஒருவன் தூக்கிக்கொண்டு வருவான். வெயிலைத் தொடர்ந்து நகர்வதால் புவி சுழல்கிறது என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பாடம் மிச்சம்.

அன்று மதியத்துக்கு மேல், பின்னத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வரலாறு. ஜான் சல்லிவன் 1819இல் இந்த மலைக்கு வந்தார், குளிரில் சொக்கிப் போனார், ஊட்டியில் வீடு கட்டினார், இங்கிலீஷ் காய்கறிகளைப் பயிரிட வழிசெய்தார், நம் வயிற்றுப் பிழைப்பே அந்த வகையில் வந்தது என்று விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“அவரு யாரும்மா?” என்றாள் கடைக்குட்டி.

“கோயமுத்தூர்க் கலெக்டரா இருந்தவர் கண்ணு.”

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஏழு தலையும் ஒன்றாக நிமிர்ந்தன. பெரியவள்கூடப் புத்தகத்தை மூடினாள்.

“அப்ப அவரு லீவு உட்டாருங்களா?”

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் மூன்று பேர் அரையாண்டு விடுமுறையில் டயர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் அவர்களைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். நாலரை மணியிலிருந்து வேலை செய்கிறோம், மழைக்கும் லீவில்லை, மாசி வந்தாலும் லீவில்லை, ஞாயிற்றுக்கிழமையென்று மாடு பால் கறக்காமல் இருக்கிறதா, பள்ளிக்கூடம் போனால் வருஷத்தில் எத்தனை நாள் சும்மா இருக்கலாம் என்று நாத்தனார் மகன் தொழிற்சங்கத் தலைவரைப் போல அடுக்கினான். பள்ளியின் கெடுபிடியிலிருந்து பிள்ளைகளை விடுவித்த குடும்பம் நாங்கள் என்று என் வீட்டுக்காரர் எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நல்லவேளை, அப்போது அவர் கேரட் மூட்டையோடு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போயிருந்தார்.

வெயில் காய்ந்தபடி பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் மாமியாரிடம் மனு போனது. அவர் தலையை நிமிர்த்தவில்லை.

“நாங் கலெக்டரு சொல்றேன். இன்னிக்குப் பொழுதோட லீவு. ஓடுங்க.”

“அத்தை, பின்னம் பாதியில நிக்குதுங்க.”

“அது எங்கயும் ஓடாது அம்மிணி. பாதிதான?”

வாசல் காலியானது. பல வருஷத்தில் முதல்முறையாக எனக்கும் லீவு என்று அப்போதுதான் உறைத்தது. காப்பி போட்டேன். ஆறுவதற்குள் குடித்தேன். இரண்டாவது டம்ளரும் போட்டேன். அரைமணி நேரம் சத்தமே இல்லை. ஏழு பிள்ளை இருக்கிற வீட்டில் சத்தமில்லை என்றால் தீயணைப்பு வண்டிக்குச் சொல்லிவிடுவது நல்லது. தேடிக்கொண்டு போனேன்.

தொழுவத்துக்குள் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது.

பக்கத்துத் தோட்டத்துப் பெண், நாலாம் வகுப்பு, டீச்சர். அவளுக்குத்தான் உண்மையான பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று தெரியும் என்பதால் எங்கள் ஏழும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தன. வரிசையாக நிற்க வைத்து நீராரும் கடலுடுத்த பாடியாயிற்று. ஹாஜர் எடுத்தாள். இரட்டையரில் ஒருவனே இரண்டு பேருக்கும் “உள்ளேன் டீச்சர்” சொன்னான். வீட்டுப்பாடம் செய்யாததற்கு முட்டி போடச் சொன்னதும், நான் நீ என்று போட்டி போட்டுக்கொண்டு வைக்கோலில் விழுந்தார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப்போகும் என் பெரிய மகள், பேசினவர்கள் பெயரைச் சுவரில் கரியால் எழுதுகிற லீடர். நான் எத்தனையோ நாள் கெஞ்சியும் எழுதாத இரண்டு வரிக் கையெழுத்தைப் பதினொரு வயதுக்காரன் பத்துத் தடவை எழுதிக்கொண்டிருந்தான், தண்டனையாக.

பாட்டியின் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குட்டி உள்ளே வந்தாள். “நான் கலெக்டர். எல்லாருக்கும் லீவு!”

“போடி, இப்பத்தான ஆரம்பிச்சிருக்கோம்” என்று மொத்த வகுப்பும் கத்தியது. கலெக்டர் அழுதுகொண்டே போய் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார்.

மாடு என்னைப் பார்த்தது. நான் வாசற்படியில் காலை வைத்தேன்.

“லேட்டு” என்றாள் டீச்சர். “மே ஐ கம் இன் கேக்கலை. வெளிய நில்லுங்க.”

வெளியே நின்றேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, பள்ளத்தாக்கு முழுக்க நிழல் ஏறியிருந்தது. தொழுவத்து வாசலில் மட்டும் ஒரு முழம் அகலத்துக்கு வெயில் மிச்சமிருந்தது. சரியாக அதில்தான் என்னை நிற்க வைத்திருந்தார்கள். காலையிலிருந்து அப்போதுதான் எனக்குக் கால்விரல்கள் இருப்பதே தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, “சரி, உள்ள வரலாம்” என்று குரல் வந்தது. காதில் விழாத மாதிரி நின்றுகொண்டேன்.