அம்பேர் பார்க்காதவன் அம்பேல்

குபேர் அங்காடியில் என்னை ஏமாற்றி மீன் விற்றவர் இதுவரை இல்லை. வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிச் சிவப்பு பார்ப்பேன், வயிற்றை அழுத்துவேன், கண்ணோடு கண் நோக்குவேன். "மீனு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று கூடைக்கார அம்மா ஒருமுறை கேட்டே விட்டார். தேங்காய் என்றால் காதருகே ஆட்டிப் பார்ப்பேன். வெண்டைக்காய் என்றால் நுனியை ஒடிப்பேன். இப்பேர்ப்பட்ட ஜாக்கிரதைக்காரன், கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். வாங்கிய அன்று அதன் மேல் ஒட்டியிருந்த காகிதத்தைக்கூடப் படிக்கவில்லை.

எல்லாம் ஃபெஞ்சல் புயலில் ஆரம்பித்தது. 2024 நவம்பர் 30 அன்று கரையேறிய அந்தப் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. நாங்கள் இருப்பது ரெயின்போ நகர். பெயரில்தான் வானவில், வீட்டுக்குள் வந்தது தண்ணீர். மேஜைக்கு அடியில் தரையோடு இருந்த பழைய கம்ப்யூட்டர் முதலில் மூழ்கியது. அதைத் தரையில் வைத்தது யார் என்ற விசாரணை இன்னும் முடியவில்லை.

அனிமேஷன் படிக்கும் மகள், "அசெம்பிள் பண்ணிக்கலாம்ப்பா" என்று ஒரு பட்டியல் நீட்டினாள். ஐ5-12400எஃப் பிராசசர், ஆர்.டி.எக்ஸ். 3060 கிராபிக்ஸ் கார்டு, இன்னும் என்னென்னவோ. கடைசி வரியில்: எஸ்.எம்.பி.எஸ்., 550 வாட், பிராண்ஸ். கூட்டுத்தொகையைப் பார்த்ததும் எங்கேயாவது கத்தி வைக்க வேண்டும் என்று கை பரபரத்தது. பிராசசர் பற்றிப் பேசினால் என் அறியாமை வெளிப்பட்டுவிடும். எஸ்.எம்.பி.எஸ். மட்டும் எனக்குப் புரிகிற மாதிரி இருந்தது. ஒரு தகர டப்பா, ஒரு ஃபேன், கொத்தாகக் கொஞ்சம் ஒயர். அவ்வளவுதானே? மண்டபத்துக்கும் புடவைக்கும் வாரி இறைத்துவிட்டுச் சமையல்காரரிடம் மட்டும் பேரம் பேசும் பெண் வீட்டுக்காரர் புத்தி அன்று எனக்கு வந்தது.

"550 வாட்டா? நம்ம மிக்சியே அவ்வளவுதான். ராத்திரி பூரா மிக்சி ஓடினா கரண்ட் பில் என்ன ஆகும்?"

"மாடியில ஆயிரம் லிட்டர் டேங்க் வச்சிருக்கோமே, தெனம் ஆயிரம் லிட்டரும் குடிக்கிறோமாப்பா? கம்ப்யூட்டர் கேக்கற அளவுதான் அது குடுக்கும்."

பதில் சரியாக இருந்ததால் நான் கேட்காத மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டேன்.

நேரு வீதிப் பக்கம் ஒரு சந்தில் கடை. அங்கே வாங்கிய கேபினட்டோடு '450 வாட்' என்று எழுதிய எஸ்.எம்.பி.எஸ். ஒன்று இலவசமாகவே வந்தது. கடைப் பையன் நல்லவன். "சார், உங்க கார்டுக்கு இது தாங்காது" என்று சொல்லி, இதை என் இடது கையிலும் நாலாயிரத்துச் சொச்சம் விலையுள்ள 550 வாட்டை வலது கையிலும் வைத்தான். வலது கை இறங்கியது. இடது கையில் பிஸ்கட் டப்பா போல ஒன்று.

"இது எவ்வளவு லைட்டா இருக்கு பாத்தியா? லேட்டஸ்ட் டெக்னாலஜி" என்றேன். பையன் என் மகளைப் பார்த்தான். மகள் கூரையைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து கேபினட்டை மேஜை மேல் ஏற்றினோம். புயல் கற்றுத்தந்த பாடம். முதல் வாரம் எல்லாம் நன்றாக ஓடியது. கேபினட்டைத் தொட்டால் மட்டும் விரல் நுனியில் 'சுர்'ரென்றது. "கரண்ட் நல்லா வருதுன்னு அர்த்தம்" என்று மனைவிக்கு விளக்கம் சொன்னேன். உண்மையான காரணம் நான் கைப்படச் செய்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மூன்று கம்பி ஒயருக்குப் பதில் இரண்டு கம்பி ஒயர் போட்டு எர்த்தை மிச்சம் பிடித்திருந்தேன். எஸ்.எம்.பி.எஸ்ஸின் உள்ளே இருக்கும் ஃபில்டர் துளி கரண்டைத் தகர உடம்புக்குக் கசியவிடும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் யாராவது தொடட்டும் என்று காத்திருக்கும். எங்கள் வீட்டில் என் மனைவிக்காகக் காத்திருந்தது.

இரண்டாவது வாரம் மகள் ரெண்டரிங் போட்டாள். ஐந்தாவது நிமிடம் திரை கறுத்துத் தானாக மறுபடி எழுந்தது. மறுநாளும் அதே. நான் வைத்தியத்தில் இறங்கினேன். கடற்காற்றின் உப்பு என்று சந்தேகப்பட்டுத் துடைத்தேன். பிளக்கை மாற்றினேன். மனைவி எலுமிச்சம்பழம் சுற்றினாள். கடைசியில் 600 என்று கொட்டை எழுத்தில் போட்ட யு.பி.எஸ். ஒன்று வாங்கி வந்தேன். அந்த 600 வாட் அல்ல, வி.ஏ. என்றும், வாட்டில் அது 360தான் என்றும் மகள்தான் பெட்டியைத் திருப்பிக் காட்டினாள்.

அன்று ராத்திரி 'டப்'. வீடு இருட்டானது. எம்.சி.பி. விழுந்திருந்தது. கருகல் வாடை. "அடுப்புல நான் எதுவும் வைக்கலையே" என்று இருட்டிலிருந்து மனைவியின் குரல்.

விளக்கு எங்களுக்கு மட்டும் இல்லை என்பதைக் கண்டு பக்கத்து வீட்டுத் தாத்தா டார்ச்சோடு வந்தார். அவர் சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து இன்றும் பென்ஷன் வாங்குகிறவர், மாலையானால் பெத்தாங் குண்டு உருட்டப் போகிறவர். செத்த டப்பாவைக் கையில் வாங்கி டார்ச் அடித்து லேபிளைப் படித்தார்.

"வாட்டைப் பாத்தா வாங்கின தம்பி?"

"ஆமா முசியே, 450 போட்டிருந்துதே."

"வாட் இங்கிலீஷ்காரன். 1761ல நம்ம ஊரை இடிச்சுத் தரைமட்டமாக்கினவன். அவனையா நம்புவ? அம்பேர் எவ்வளவுன்னு பாக்க வேணாம்? அம்பேர் பிரான்சுக்காரன், நம்மாளு."

"ஜேம்ஸ் வாட் ஸ்காட்லாந்து தாத்தா" என்றாள் மகள்.

"எல்லாம் ஒண்ணுதான்" என்றார்.

சரித்திரம் எப்படியோ, கணக்கு அவர் சொன்னதுதான். சுவரில் வரும் 230 வோல்ட் ஏ.சி.யை எஸ்.எம்.பி.எஸ். 12, 5, 3.3 வோல்ட் டி.சி.யாக மாற்றித் தருகிறது. பிராசசர், கிராபிக்ஸ் கார்டு என்ற இரண்டு பெருந்தீனிக்காரர்களும் பெரும்பாலும் உட்காருவது 12 வோல்ட் பந்தியில்தான். அந்த வரிசையில் என் டப்பா எழுதியிருந்தது 16 அம்பேர். பன்னிரண்டு பதினாறு 192. மீதி வாட்டெல்லாம் பெரிதாக யாரும் கேட்காத மற்ற வரிசைகளையும் கூட்டிக் காட்டிய ஜம்பம். கிராபிக்ஸ் கார்டு மட்டுமே 170 கேட்கும். பிராசசர் முழு மூச்சில் 117. மதர்போர்டு, ஃபேன், டிஸ்க் எல்லாம் சேர்த்து இன்னொரு 50, 60. ஏறக்குறைய 350 வாட் பசிக்கு 192 வாட் சோறு வடித்திருக்கிறேன். எந்நேரமும் விளிம்பில் ஓடாமல் கொஞ்சம் மிச்சம் வைக்கத்தான் அந்த 550. செவுள் தூக்கிப் பார்க்கிறவன் தூக்கிப் பார்த்திருக்க வேண்டிய செவுள் அந்த லேபிள். அம்பேர் பார்க்காதவன் அம்பேல்.

இப்படிப்பட்ட டப்பா போகும்போது துணைக்கு மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போவதுண்டு. எங்களுடையது தனியாகவே போய்ச் சேர்ந்தது. மணக்குள விநாயகருக்கு நேர்ந்துகொண்ட தேங்காயை மனைவி மறுநாளே உடைத்தாள். அந்தத் தேங்காயையும் நான் ஆட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

பிறகு அதே கடை, அதே பையன். நான் பேசாமல் லேபிளைப் படித்தேன்: 12 வோல்ட்டில் 45 அம்பேர். பெருக்கினால் 540. எழுதியதற்கும் கொடுப்பதற்கும் பத்து வாட் வித்தியாசம், யோக்கியன். '80 ப்ளஸ்' முத்திரையும் இருந்தது. 2004இல் வந்த ஏற்பாடு அது: சுவரிலிருந்து 100 வாட் வாங்கினால் குறைந்தது 80 உள்ளே போக வேண்டும், மிச்சம் சூடாகிவிடும். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று ஏற ஏறச் சூடாய்ப் போவது குறையும். பையன் "கோல்டும் இருக்கு" என்றதும் மனைவி முதல்முறையாக உரையாடலில் சேர்ந்தாள். "ஹால்மார்க் உண்டா தம்பி?" பெண்ணுக்குச் சேர்க்க வேண்டிய தங்கம் வேறு என்று சொல்லி வெண்கலத்தோடு கிளம்பினோம். வழியில் மூன்று கம்பி ஒயரும் வாங்கினேன். இப்போது ரெண்டரிங் விடிய விடிய ஓடுகிறது. கேபினட் 'சுர்' என்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக்காரர் வந்தார். செத்த எஸ்.எம்.பி.எஸ்ஸை எடுத்துக் கொடுத்தேன். "கம்ப்யூட்டர் சாமான், 450 வாட்" என்று விலையேற்றப் பார்த்தேன். அவர் லேபிளைப் படிக்கவில்லை, தராசைத் தொடவில்லை. ஒரு கையில் வாங்கி ஒரே ஒரு முறை தூக்கிப் போட்டுப் பிடித்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்லியே சார். யாரு தலையில கட்டினாங்க இத?"

மாடியிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "கேபினட்டோட இலவசமா வந்தது" என்று சொல்லிவிட்டு, அவர் கொடுத்த பத்து ரூபாயை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து வாங்கிக்கொண்டேன்.