முறிந்த டெர்மினலும் பற்றாசு மரபும்: திருவரங்குளத்தை முன்வைத்து

திருவரங்குளம் என்ற பெயரை அரங்கம், குளம் எனப் பிரிக்கலாம். அரன், குளம் எனவும் பிரிக்கலாம். கோயிலில் இருப்பவர் அரதீர்த்தேசுவரர், ஆகவே பின்னதே பொருந்தும் என்று இருபது பக்கம் எழுதினால் பட்டம்கூடக் கிடைக்கும். நம் ஆய்வுக்குரிய பிரிவு வேறு. சித்தப்பாவின் மருந்தடிக்கும் ஸ்பிரேயரில் பேட்டரியின் பிளஸ் டெர்மினல் அடியோடு பிரிந்துவிட்டது. பக்கத்துப் பொற்பனைக்கோட்டையில் 2021இல் அகழாய்வு தொடங்கியதிலிருந்து ஓட்டுச்சில்லுக்குக்கூட மரியாதை வந்துவிட்டது. இந்தத் தகட்டுத் துண்டைத்தான் கேட்பாரில்லை.

ஆய்வுப்பொருள்: 12 வோல்ட், 8 ஆம்பியர்-அவர் ஈய அமில பேட்டரி. 1859இல் பிரான்சில் பிளான்டே செய்ததன் கொள்ளுப்பேத்தி. தண்ணீர் ஊற்ற வழி இல்லை. உள்ளே அமிலம் கண்ணாடி இழை விரிப்பில் ஊறிக் கிடக்கிறது. ஆறு அறை, அறைக்கு ஏறத்தாழ 2 வோல்ட்.

முறிவின் காரணங்கள் மூவகை. ஒன்று, அரிப்பு: அமிலம் கசிந்து தகட்டடியில் வெள்ளையாகப் பூத்து மெல்லத் தின்பது. இரண்டு, எலி, அது வயரைத்தான் கடிக்கும் என்பதால் இவ்வகை இத்துடன் முடிகிறது. மூன்று, இழுப்பு. கிளிப்பைப் பிடித்துக் கழற்றாமல் வயரைப் பிடித்து இழுப்பவன் மடையன் (சித்தப்பா, முதல் திட்டு). அவன் காலேஜில் படித்தவனாக இருந்தால் மடமை இரட்டிக்கும் (மேலவர், இரண்டாம் திட்டு, வாசற்படிப் பாடம்). இவ்வகைக்குச் சான்று ஒருவரே, அவர் இக்கட்டுரையாளர் (மேலவர், மூன்றாம் திட்டு, வேலியோரப் பாடம், இதில் சித்தி இடைச்செருகிய இரண்டு வசைகள் பதிப்புநெறி கருதி நீக்கப்பட்டன. திண்ணைப் பாடத்தில் அவை மூன்று, மூன்றாவது பிற்காலத்தது என்பது அண்டைவீட்டார் துணிபு).

இனி, இணைப்பு. இங்கேதான் தமிழ் மரபு நமக்குக் கை கொடுக்கிறது. யாப்பருங்கலக்காரிகையின் உரையில் குணசாகரர், நேரிசை வெண்பாவின் முதற்குறள் தனிச்சொல்லோடு ஒட்டாமல் நின்றால் ஓர் அசையோ ஈரசையோ கூட்டுவதை, ஒட்டாத உலோகங்களைப் பற்றாசு வைத்து ஒட்டவைப்பதோடு ஒப்பிடுகிறார். ஈயக் கட்டையிலிருந்து பித்தளைத் தகடு விட்டிசைக்கும் நிலையை இதைவிடத் துல்லியமாக யார் சொல்வார்? ஆகவே பேட்டரியின் மேல்மூடி முதற்குறள், கிளிப் தனிச்சொல், வயர் இரண்டாங்குறள், ஸ்பிரேயர் ஈற்றடி. மோட்டார் ஓடாவிட்டால் தளை தட்டியது என்க. உலோகத்தைப் பற்றவைப்பதற்கும் பழந்தமிழில் ‘விளக்குதல்’ என்றே பெயர். நம் அறிஞர் பெருமக்கள் நெடுங்காலமாக விளக்கி வருகிறார்கள். இதுவரை எதுவும் ஒட்டியதாகத் தெரியவில்லை.

இக்கோட்பாட்டுடன் பஸ் ஸ்டாப் அருகே ஒரு பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் ஒன்றும் பேசாமல் டெர்மினலைச் சுற்றியிருந்த பசையைக் கத்தி முனையால் பெயர்த்தார். ஆப்பச்சோடாத் தண்ணீரைத் துணியில் தொட்டு அமிலத்தைத் துடைத்தார். ஈயம் பளபளக்கும்வரை சுரண்டினார். செத்த பேட்டரி ஒன்றிலிருந்து தகடு எடுத்தார்.

“சார்ஜ்லேர்ந்து எடுத்து எவ்வளவு நேரமாச்சு?”

“நேற்றே எடுத்தாச்சு.”

“அப்பச் சரி. சூட்டோட கொண்டாந்தா கேஸ் இருக்கும், வெடிக்கும்.”

கனத்த சால்டரிங் அயர்னை நன்றாகக் காயவிட்டு, வைத்தார், எடுத்தார். மூன்று எண்ணும் நேரம். பற்றவைக்கும் ஈயம் 190 டிகிரிக்கு முன்பே உருகிவிடும். பேட்டரியின் சொந்த ஈயத்துக்கு 327 டிகிரி வேண்டும். பிளாஸ்டிக் மூடியோ இரண்டுக்கும் வெகுமுன்னரே இளகும். சூடு குறைந்த அயர்னை வைத்துக்கொண்டு தடவினால் தகடு ஒட்டாது, மூடிதான் கரையும். ஆறியதும் சுற்றிலும் பசை ஊற்றினார்.

“இதைத்தானே பற்றாசு என்பார்கள்?” என்றேன்.

“பத்தாசா? அது நகை ஆசாரிகிட்டக் கேளுங்க தம்பி. இது ஈயம்.”

இக்கூற்று பிற்காலப் பாடமாக இருக்கலாம். விரிவான மறுப்பைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, கொல்லையிலிருந்து நான்காம் திட்டு கேட்டது. இந்த முறை மைனஸ்.