சரவாங்கி சங்கதி

சரவாங்கி வந்து ஆறு வருஷம். காலையில் சேலைக் கொசுவத்தைப் பிடிக்க விரல் மடங்க மாட்டேன் என்கிறது. இந்த வலிக்கு யார் கை கொடுப்பார்கள்?
– ஒரு வாசகி, இரணியல்

கொடுக்கிறவர்கள் மெதுவாகக் கொடுக்கட்டும். குலுக்கினால் அதுவும் வலிக்கும்! பக்கத்தில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறதே. அங்கே போய் 'மூட்டுவலி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். காலை விறைப்பு எத்தனை நேரம், எந்த விரல் வீங்குகிறது, ராத்திரி தூக்கம் உண்டா, சோற்றுப் பானையை இறக்க முடிகிறதா... ஒரு வாரக் கணக்கைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொண்டுபோங்கள். நீங்கள் மறந்தாலும் தாள் மறக்காது.

'எல்லாம் வயசுக் கோளாறு' என்கிறாரே மாமியார்?

யாருடைய வயசு? மூட்டுத் தேய்மானம் வேறு, சரவாங்கி வேறு. உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குகிறது; காவல்காரனே வீட்டுக்காரனை அடிக்கிற கதை இது. முப்பதிலும் வரும், பெண்களுக்கே அதிகம்.

ஒரே வாரத்தில் வலியை எடுக்கும் பொடி தருகிறார்களாம். வாங்கலாமா?

1948இல் அமெரிக்காவில் ஹென்ச் என்ற மருத்துவர் சரவாங்கி வந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். நடக்கவே திணறியவர் ஒரே வாரத்தில் கடைத்தெருவுக்குப் போய்விட்டார். 1950இல் ஹென்ச்சுக்கு நோபல் பரிசு. பக்கவிளைவுகளும் பின்னாலேயே வந்தன. பெயரில்லாப் பொடியில் அந்த ஸ்டீராய்டு இனமே ஒளிந்திருக்கலாம். மூட்டுவலிக்கு முடக்கத்தான் தோசையா? தாராளமாகச் சாப்பிடுங்கள், மருந்தை நிறுத்தாமல்.

ஒன்று மட்டும்: டாக்டர் மெத்தோட்ரெக்சேட் எழுதினால், அது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. தினம் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கிழமையை அட்டையிலேயே எழுதி வையுங்கள்.