மாமாவைக் கேளுங்கள்: மடமை ஸ்பெஷல்

'ஃபாலி' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன?
— கல்லூரி மாணவி, வாணியம்பாடி

யார் செய்தார் என்பதைப் பொறுத்தது. நாம் செய்தால் மடமை. மேடையில் செய்தால் கோமாளித்தனம். பணக்காரர் செங்கல் வைத்துச் செய்தால் கலாரசனை. வள்ளுவர் அறிவுடைமைக்கு ஓர் அதிகாரம்தான் கொடுத்தார். பேதைமை, புல்லறிவாண்மை என்று எதிர்க்கட்சிக்கு இரண்டு. மெஜாரிட்டி யாருக்கு என்று அவருக்குத் தெரியும்.

செங்கல் வைத்தா?
— ஓய்வுபெற்ற ஓவர்சியர், காட்பாடி

ஆமாம் சார். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பிரபுக்கள் தோட்டத்தில் புத்தம்புதிய 'பாழடைந்த' கோட்டையைக் கட்டுவார்கள். பெயின்ஸ்ஹில் தோட்டத்தில் இன்னும் ஒரு படி மேலே: உட்கார்ந்து தவம் செய்ய ஒரு முனிவரைச் சம்பளத்துக்கு வைத்தார்களாம். மூன்றே வாரத்தில் ஆள் சாராயக் கடையில் அகப்பட்டார் என்று கதை. நம்மூரில் இடிந்த மாதிரி கட்டத் தனிக் கூலி கிடையாது, டெண்டரிலேயே அடக்கம்.

சாமியில்லாக் கோயில், நீரில்லா ஆறு என்று வேலூரைக் கிண்டல் செய்கிறார்களே?
— ஆட்டோ ஓட்டுநர், சத்துவாச்சாரி

கோயில் பாக்கி தீர்ந்தது. 1981-இல் ஜலகண்டேஸ்வரர் உங்க சத்துவாச்சாரியிலிருந்துதானே கோட்டைக்குத் திரும்பினார்! பாலாறுதான் பாக்கி. தோல் ஷாப்புக் கழிவு வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், கெடுத்தவரே காசு கொடுக்கணும் என்று 1996-இல் தீர்ப்பு. அன்றிலிருந்து சட்டக் கல்லூரிப் புத்தகங்களில் பாலாறு வற்றாமல் ஓடுகிறது.

எங்க தோல் தொழிலில் சரித்திரப் புகழ் பெற்ற மடமை உண்டா?
— சூப்பர்வைசர், ராணிப்பேட்டை

உண்டு. ஆனால் செய்தவர் உங்க ஆள் இல்லை, கம்பெனியின் சென்னைப் படைத் தளபதி ஜெனரல் கிராடக். சிப்பாய்க்குப் புதுத் தலைப்பாகை, அதில் தோல் குஞ்சம். நெற்றியில் திருநீறு, நாமம் கூடாது; தாடியை மழி. குஞ்சம் மாட்டுத்தோலோ என்று இந்துவுக்குச் சந்தேகம், பன்றித்தோலோ என்று முஸ்லிமுக்கு. ஒரே உத்தரவில் இரண்டு பேரையும் சேர்த்து வைத்த புண்ணியவான்! 1806 ஜூலை 10, விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்க் கலகம் வெடித்தது.

சிப்பாய்கள் மட்டும் சளைத்தவர்களா? கொள்ளையில் மும்முரமாகி, மதில்மேல் மிச்சமிருந்த வெள்ளைக்காரர்களைக் கோட்டை விட்டார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரையில் பறந்து வந்த கர்னல் கில்லெஸ்பி, கயிற்றைப் பிடித்து மதில் ஏறினார். அப்புறம் ரத்தம், அதில் ஜோக் கிடையாது.

கிராடக், சென்னை கவர்னர் பென்டிங்க் இருவரையும் லண்டன் திருப்பி அழைத்தது. பென்டிங்க் 1828-இல் கவர்னர் ஜெனரலாகவே திரும்பி வந்தார்! தோல்வியில் தோல் இருக்கிறது, பெரியவர்களுக்கு ஒட்டாது.

நியூயார்க்கில் ஆடல்பாடல் காட்சிக்கே 'ஃபாலீஸ்' என்று பெயராமே?
— தியேட்டர் ஆபரேட்டர், குடியாத்தம்

1907-இல் ஸீக்ஃபெல்ட் தொடங்கியது, பாரிஸ் சரக்கைப் பார்த்து. மேடையில் இருந்தவர்கள் கெட்டிக்காரர்கள். பெயர் டிக்கெட் வாங்கியவர்களுக்கு.

நம்ம ராஜாக்களுக்கு இந்த ரசனை உண்டா?
— தமிழாசிரியை, சோளிங்கர்

பக்கத்திலிருக்கும் மகேந்திரவாடிக்குப் போய்ப் பாருங்கள் டீச்சர். தனியாக நிற்கும் ஒற்றைப் பாறையைக் குடைந்து கோயில் செய்த அதே பல்லவ மகேந்திரவர்மன்தான் 'மத்தவிலாசம்' என்ற நகைச்சுவை நாடகத்தை எழுதினான். குடிகார காபாலிகனின் கபாலத்தை நாய் கவ்விப் போகிறது, அவன் புத்த பிக்குவைத் திருடன் என்கிறான், காஞ்சியே அமளி. கடைசியில் அது கிடைப்பது ஒரு பைத்தியக்காரனிடம். விசாரணைக் கமிஷன் வைத்திருந்தால் இன்னும் கிடைத்திருக்காது.

மாமா, நீங்க செய்த பெரிய மடமை?
— பெயர் வேண்டாம், ஆம்பூர்

உங்க ஊரில், முதல் தடவை. சீரகச் சம்பா பிரியாணியைக் கட்டு கட்டிவிட்டு, கத்திரிக்காயை இலை ஓரம் ஒதுக்கி வைத்தேன். பரிமாறியவர் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கத்து இலைக்குப் போய்விட்டார்.