ஏரி பார்த்த அறை

எங்கள் பக்கத்து ஏரிக்கு வருடத்தில் இரண்டு உத்தியோகம். ஐப்பசி மழை இறங்கி, கார்த்திகையில் கலங்கல் வழிந்ததிலிருந்து மாசி, பங்குனி வரைக்கும் அது ஏரி. அதற்கப்புறம் மாடு மேய்கிற இடம், பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற இடம், ராத்திரியில் யாரோ மண் அள்ளுகிற இடம். வாலாஜாபாத்திலிருந்து உத்திரமேரூர் வரைக்கும் பிறந்து வளர்ந்த எவருக்கும் இதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகனுக்குச் சொல்லியிருக்கலாம். அவன் செல்பேசியில் படத்தைக் காட்டி, "அப்பா, உங்க ஊர்ப் பக்கமே ஏரிக்கரையில ரூம் போட்டுட்டேன், லேக் வியூ" என்று சொன்னபோது சித்திரை மாதம் கடைசி. படத்தில் தண்ணீர் கரை தொட்டு நின்றது. அவன் முகத்திலிருந்த சந்தோஷத்தைப் பார்த்தேன். நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு ராத்திரிக்கு, காலைச் சிற்றுண்டி சேர்த்து, ஐயாயிரத்துச் சொச்சம். அதற்கு அவர்கள் கொடுத்திருந்த விளம்பரத்தை வழியெல்லாம் மருமகள் வாசித்துக்கொண்டு வந்தாள். மனதை மயக்கும் ஏரிக் காட்சி. அசலான கிராமத்து அனுபவம். பாரம்பரியச் சிற்றுண்டி. உள்ளம் நெகிழும் உபசரிப்பு. இத்தனை அலங்காரத்தில் எத்தனை கட்டில், எத்தனை வாளித் தண்ணீர் என்ற விவரம் மட்டும் எங்கும் இல்லை.

என் தாத்தா வீடு தென்னேரியில். தொண்டைமான் இளந்திரையன் வெட்டியதாகச் சொல்லும் ஏரி. இந்தப் பக்கத்துப் பெரிய ஏரிகளில் ஒன்று. கரையை ஒட்டிய தெருவில் திண்ணை வைத்த வீடு. அங்கே யாராவது வந்து தங்கிக்கொண்டே இருப்பார்கள். கண்ணாலம் சொல்ல வந்தவர், மாடு பிடிக்க வந்தவர், மதகைப் பார்க்க வந்து பஸ்ஸை விட்ட ஓவர்சியர், கூத்து முடிந்து முகத்தில் அரிதாரம் முழுக்கப் போகாமல் தூங்கும் ஆட்கள். ஆயா அவர்களை உபசரித்ததாக எனக்கு நினைவில்லை. திண்ணையை எட்டிப் பார்ப்பாள், தலையை எண்ணுவாள், உள்ளே போய் ஆளுக்கு ஓர் ஆழாக்கு வீதம் அரிசியைக் கூட்டிப் போடுவாள். "சாப்பிட வாங்க" என்பதை வைகிற குரலில்தான் சொல்வாள். படுக்கக் கோரைப் பாய், தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீர். அவ்வளவுதான்.

ஏரியை யாரும் பார்த்ததே கிடையாது. வந்த விருந்தாளி ஒருவர்கூடத் திண்ணையில் உட்கார்ந்து "அடடா, என்ன காட்சி!" என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஏரியில் தண்ணீர் எத்தனை அடி என்று கேட்பார்கள், நவரைக்கு வருமா என்று கேட்பார்கள், மீன் ஏலம் எவ்வளவுக்குப் போனது என்று கேட்பார்கள். ஏரி ஒரு கணக்கு. (விடிவதற்கு முன்னால் அதே ஏரிக்கரை வேறு எதற்கெல்லாம் பயன்பட்டது என்பதை விவரித்தால், அந்தக் காலத்துக்காக உருகுகிறவர்கள் பாதிக் கட்டுரையிலேயே எழுந்து போய்விடுவார்கள்.)

ஒன்றாக இருந்த காஞ்சிபுரம் மாவட்டத்தில் பொதுப்பணித் துறைக் கணக்கில் மட்டும் 909 ஏரிகள். 2019இல் செங்கல்பட்டைப் பிரித்தபோது சொத்துப் பிரிப்பது மாதிரி ஏரிகளையும் பிரித்தார்கள். நம் பங்குக்கு 381. அவற்றில் ஒன்றின் எதிரே எங்கள் வண்டி நின்றது.

பால்கனியில் ஏரியைப் பார்க்கத் தோதாக இரண்டு பிரம்பு நாற்காலி போட்டிருந்தார்கள். பேத்தி ஓடிப்போய் ஏறி உட்கார்ந்தாள். எதிரே வேலிகாத்தான் புதர், எருமைகள், நடுவில் ஒரு டிராக்டர், மூன்று குச்சி நட்டுக் கிரிக்கெட்.

"தாத்தா, லேக் எங்க?"

"அதோ, ஒரு பையன் பேட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான் பாரு, அங்கதான். கார்த்திகையில வந்தா அவன் தலைக்கு மேல தண்ணி நிக்கும்."

மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் டிராக்டரைப் பார்த்தேன்.

தண்ணீரே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வீட்டுக்குப் பின்னால் நீல ஓடு பதித்த நீச்சல் குளம் ஒன்று தளும்ப நிறைந்திருந்தது. போர் போட்டு எடுத்த தண்ணீர். ஏரியில் நின்று பூமிக்குள் இறங்கியதைத்தான் குழாய் வைத்து மேலே ஏற்றி, குளோரின் போட்டு, "குளிக்கும் முன் ஷவரில் குளிக்கவும்" என்று பலகை மாட்டியிருந்தார்கள். அறைக்குள் ஏசி இருந்தது. அதற்கு வேண்டிய வோல்டேஜ் ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் வரும் என்று பொறுப்பாளர் சொன்னார். ஜார்க்கண்டிலிருந்து வந்து தமிழ் கற்றுக்கொண்ட பையன். அந்த இடத்தில் மிகையாக எதையும் சொல்லாத ஒரே ஆள் அவர்தான். பதினொன்றுக்கு வோல்டேஜ் வந்தது, கூடவே ஜல்லி லாரிகளும் வந்தன. இந்த வட்டாரத்துக் குன்றுகளை உடைத்து எம்-சாண்டாக்கிச் சென்னைக்கு ஏற்றுகிற லாரிகள். ஒவ்வொன்றும் கடக்கும்போது ஜன்னல் கண்ணாடி எங்களுக்கு ஒரு வணக்கம் வைத்தது.

முதலாளியைப் போனில்தான் பிடிக்க முடிந்தது. வருத்தமே படவில்லை. "வாரநாள்ல ஒரகடம் கம்பெனிக்காரங்க ஃபுல்லா இருக்காங்க சார், அவங்க ஜன்னலே தொறக்க மாட்டாங்க. பரந்தூர் ஏர்போர்ட் மட்டும் வரட்டும், அப்ப பாருங்க" என்றார். ஏரி வராவிட்டாலும் விமானம் வந்துவிடும் என்பது அவர் திட்டம்.

விளம்பரத்தில் "அருகில் பழங்காலக் கோயில்" என்றும் ஒரு வரி இருந்தது. அந்த ஒன்று பொய்யில்லை. மறுநாள் பொழுது விடிந்ததும் திருமுக்கூடல் போனோம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். மூன்று ஆற்று மணலும் கூடியிருந்தது. அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்து நீளமான கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டு. சிறுவயதில் அந்தச் சுவரில் சாய்ந்து புளியோதரை தின்றிருக்கிறேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது எனக்கு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, புத்தகத்தில் படித்துத்தான் தெரியும்.

அங்கே ஒரு பாடசாலை இருந்தது, மாணவர் தங்கும் விடுதி இருந்தது, வீரசோழன் என்ற பெயரில் ஆதுலர் சாலை இருந்தது. ஆதுலர் சாலையில் 15 படுக்கை. ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மருந்துச் சரக்கும் விறகும் கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளப் பெண்கள் இருவர், ஒரு நாவிதர், தண்ணீர் எடுத்துவைக்க ஓர் ஆள். நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. விடுதி மாணவருக்குப் படுக்கப் பாய், சனிக்கிழமை தலைக்கு எண்ணெய், ராத்திரி விளக்குக்கு எண்ணெய். குடிக்கிற தண்ணீருக்கு ஏலக்காயும் வெட்டிவேரும். இது ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்று அளவோடு வெட்டியிருக்கிறார்கள். உள்ளம் நெகிழும் என்று எங்கேயும் இல்லை. அரசன் புகழைப் பாடும் மெய்க்கீர்த்தியோடு அலங்காரத்தை முடித்துக்கொண்டு, பாய்க்கும் எண்ணெய்க்கும் வந்ததும் கல்தச்சன் நாழி உரி என்று கறாராக இறங்கிவிடுகிறான். ஆயாவின் ஆழாக்கு எந்தப் பள்ளிக்கூடத்துப் பாடம் என்று எனக்கு அங்கேதான் பிடிபட்டது.

இந்தக் கறார் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. பக்கத்தில் உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் வருடக் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக ஊரே கொண்டாடுகிறது. எனக்கு அதில் ஏரி வாரியம்தான் முக்கியம். ஆறு பேர், வயது 35க்குக் குறையாமல் 70க்கு மேற்படாமல், 360 நாள் பார்த்துவிட்டு இறங்கிவிட வேண்டும், ஏதோ ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனுடைய பெயரை ஓலையில் எழுதவே கூடாது, அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும்கூட. இன்றைக்கு ஏரியைக் காட்டிக் காசு வாங்குகிறவருக்கு, தங்கிப் போனவர்கள் போட்ட நட்சத்திரம் நாலரை.

திரும்பி வந்ததும் பாரம்பரியச் சிற்றுண்டி. காஞ்சிபுரம் பக்கம் என்றால் மிளகும் சீரகமும் சுக்கும் தட்டிப்போட்டு, மந்தாரை இலையில் வேகவைக்கிற கோயில் இட்லி வரும் என்று மருமகள் நம்பியிருந்தாள். பாவம். மேசையில் ரொட்டியும் ஜாமும் இருந்தன. "இட்லின்னா அரை மணி ஆகும் சார், மாவு பாக்கெட் வாங்கிட்டு வரணும். பிரெட் இப்பவே" என்றார் பையன். ரொட்டி ஒரு பக்கம் மட்டும் கருகியிருந்தது.

அந்த நேரம் பார்த்து என் அக்கா வந்து சேர்ந்தாள். வாலாஜாபாத்திலேயே இருக்கிறாள். நாங்கள் வந்த சேதி அவளுக்கு எப்படிப் போனது என்பதை ஆராய்ந்து பயனில்லை. பேரன் பைக்கிலிருந்து இறங்கினவள் யாரையும் விசாரிக்காமல் நேராக அறைக்குள் போய், மெத்தையை அழுத்திப் பார்த்து, குழாயைத் திறந்து மூடி, பால்கனியில் நின்று எருமைகளைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இன்னாடா, என் வூட்ல பாயில்லன்னு இங்க வந்து படுத்தியா?"

"பையன் ஆசைப்பட்டான்க்கா."

"எவ்ளோ குடுத்தீங்க?"

மகன் சொன்னான். அக்கா சற்று நேரம் பேசவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"ஒரு மூட்ட பொன்னி, அதுக்கு மேல பருப்பு, எண்ண, எல்லாம் வந்துடும். ஆறு பேருக்கு ஒரு மாசம்."

பிறகு ரொட்டியைத் திருப்பிப் பார்த்தாள், கருகின பக்கத்தை மேலே வைத்தாள், எழுந்து மறுபடியும் அறைக்குள் போனாள். சின்னச் சோப்பு நான்கு, ஷாம்பு பாக்கெட் நான்கு, டீத்தூள் பை, சர்க்கரைப் பொட்டலம், தைக்கிற ஊசி வைத்த அட்டை, பிரிக்காத செருப்பு ஒரு ஜோடி. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணித் தன் ஒயர் கூடையில் போட்டுக்கொண்டாள். மருமகள் சங்கடத்தோடு, "வேணாம் பெரியம்மா, அதெல்லாம் அவங்களோடது" என்றாள்.

"காசு குடுத்தாச்சுல்ல? கெளம்புங்க. குருமா கொதிச்சிக்கினு இருக்கு."